சென்சாரா, மீட்டரா? நீயே கண்டுபிடி!

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. நீ என்ன செய்கிறாய்? டேஷ்போர்டை ஓங்கி ஒரு தட்டு!

"இது எப்பவும் இப்படித்தான் காட்டும்" என்று சொல்லிக்கொண்டே வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறப் போகிறாயா?

"நான் வெறும் டிரைவர். எலக்ட்ரிக்கல் எல்லாம் எனக்கு எதுக்கு?"

நிறுத்து! கொண்டை ஊசி வளைவில் லோடோடு வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த கைக்கு ஒரு வயரைக் கழற்றத் தெரியாதா?

முதலில் முள்ளை நம்பு. பொய் என்று நிரூபிக்கும்வரை அது சொல்வது உண்மை!

ஓரங்கட்டு. என்ஜினை ஆறவிடு. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம்தான் வேகும். ஆறியபின் கூலண்டைப் பார். ஃபேன் பெல்ட்டைப் பார்.

முள் கீழேயே கிடக்கிறதா? நிம்மதி அடையாதே! கூலண்ட் முழுக்க ஒழுகி சென்சார் காற்றில் நின்றால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் இறங்கிக் கிடக்கலாம். ஹெட் போனபிறகு அழுது என்ன பயன்?

கூலண்ட் சரியாக இருக்கிறதா? இப்போது சோதனை!

ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய பிக்கப் என்றால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சாவியை ஆன் செய். சென்சார் வயரைக் கழற்று. முள் கீழே கிடக்க வேண்டும்.

அதே வயரை, நடுவில் ஒரு டெஸ்ட் லைட் வைத்து, என்ஜின் இரும்பில் நொடிநேரம் தொடு. முள் ஏறுகிறதா?

மீட்டரும் வயரும் நல்லவை. முள் காட்டுவது பொய்யென்றால், குற்றவாளி சென்சார்! அசையவே இல்லையா? வயரிங்கையும் மீட்டரையும் பிடி.

சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், முள் உயரும். விஷயம் இவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் பயந்தாய்?

டீசல் முள்ளும் சேர்ந்து ஆடுகிறதா? இரண்டு சென்சாரும் ஒரே நாளில் சாவது அபூர்வம். எர்த்தைப் பார்! துருப்பிடித்த போல்ட்டை உப்புத்தாளால் தேய். மீட்டர் கன்சோலுக்கு வரும் கரண்டைச் சோதி. இதைப் பார்க்காமல் மீட்டரையே மாற்றிவிட்டுப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

முதல் தடவை ஃபியூஸ் போகுமா? போகட்டும்! அதே ஆம்பியரில் வேறு ஃபியூஸ் போட்டு மறுபடி இறங்கு.

கம்ப்யூட்டர் வழியாக முள் ஆடும் புது வண்டியா? அங்கே வயரை எர்த் செய்யாதே, ஸ்கேனர் வேண்டும். ஆனால் ஒர்க்‌ஷாப் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்காதே! ஸ்கேனர் காட்டும் டிகிரியையும் முள்ளையும் பக்கத்தில் நின்று நீயே ஒப்பிடு.

வண்டி நடுவழியில் நிற்கும்வரை காத்திருக்கப் போகிறாயா? டெஸ்ட் லைட்டை இன்றே வாங்கு. நாளை காலை லோடு ஏற்றும் முன் சோதித்துவிடு!