பொன்னாடை போதுமா?



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். குற்றம் செய்தவன் நான்தான். ஆகவே யாரும் வருந்த வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை பட்டாணியில் ஒரு மீலாது விருந்து நடந்தது. தப்ஸ் தட்டி முனாஜாத்துப் பாடும் பெரியவர் ஒருவரை அழைத்து வரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாவா என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பது வழக்கம். தோட்டத்து ஓரத்தில் வாழ்ந்தவர். தம் தகப்பனாரிடம் வாய்ப்பாடமாகக் கற்ற பாட்டுக்களை அறுபது ஆண்டுகளாக நெஞ்சில் சுமந்தவர். சொற்பொழிவுகள் நீண்டுவிட்டபடியால், நெய்ச்சோறு பரிமாறத் தொடங்கிய நேரத்தில்தான் அவரைப் பாடச் சொன்னோம். சஹன்களைச் சுற்றி நாங்கள் அமர்ந்துவிட்டோம். தட்டுச் சத்தத்திலும் பேச்சுச் சத்தத்திலும் அவர் குரல் கரைந்துபோயிற்று. முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, பணம் வைத்த உறையைக் கையில் கொடுத்தேன்.

பாவா உறையைப் பிரிக்கவில்லை. "தம்பி, கூலி கொடுத்திட்டீங்க, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனா கேட்டது யாரு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குக் கேட்பவர்போல் சொன்னார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று பாவாவும் இல்லை.

கலைஞனுக்கு நாம் கொடுப்பது என்ன? தர்மமா, கூலியா, கடனா? வியாபாரிகளாகிய நாம் இதைப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

தர்மம் என்றால் வாங்குபவர் கை தாழ்கிறது. பசித்தவனுக்குச் சோறிடுவது தர்மம். அதற்கு அவன் பாட வேண்டியதில்லை. பாடியவனுக்குக் கொடுப்பதைத் தர்மம் என்றெழுதினால் அவன் உழைப்பைக் களவாடியவர்களாவோம். கூலி என்றால் கணக்குச் சுத்தம். பேசிய தொகையைப் பேசியபடி, வியர்வை உலருமுன் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நம்மவருக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் நான் பாவாவுக்குக் கூலி கொடுத்தும் கடன் தீரவில்லையே, ஏன்?

நம் கடைச் சரக்குக்கு ஒரு தன்மை உண்டு. மிளகும் சீரகமும் இன்று விலை போகாவிட்டால் நாளை விலை போகும். பாட்டு அப்படிப்பட்ட சரக்கல்ல. கேட்பவன் இல்லாத வேளையில் பாடியது பாடாததற்குச் சமம். கற்பவன் இல்லாமல் ஒரு பாடகர் மறைந்தால், கிட்டங்கியே தீப்பற்றி எரிந்ததற்குச் சமம். அதற்கு இன்ஷூரன்ஸும் கிடையாது.

"பாட்டு, தப்ஸ் என்றெல்லாம் நமக்கு ஏன்?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் நம் நாயகம் (ஸல்) அவர்கள் கவிஞர்களை நடத்திய முறையை நாம் அறிவோம். கவி பாடி மன்னிப்புக் கேட்டு வந்த கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களுக்குத் தம் போர்வையை அளித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்கோ, நின்று கவி சொல்ல மதீனாப் பள்ளிவாசலிலேயே ஒரு மிம்பர் வைக்கச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஒருவருக்குக் கிடைத்தது போர்வை. மற்றவருக்குக் கிடைத்தது கேட்கும் சபை. நாமோ பொன்னாடையைப் பிடித்துக்கொண்டோம், மிம்பரை மறந்துவிட்டோம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு நம் முன்னோரிடமே சான்று இருக்கிறது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியை அறியாத தமிழ் முஸ்லிம் வியாபாரி உண்டா? கடல் வாணிபத்தில் ஈட்டிய பொருளைப் புலவருக்கு வழங்கியவர். உமறுப் புலவருக்கும் வழங்கினார். இந்துப் புலவரான படிக்காசுப் புலவருக்கும் வழங்கினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்கள் கொண்ட சீறாப்புராணம் முடியுமுன்னே வள்ளல் மறைந்தார். அப்பொறுப்பைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஏற்றுக்கொண்டார். ஒரு வியாபாரி விட்ட இடத்தில் இன்னொரு வியாபாரி கைகொடுத்தார் என்பதை நாம் அடிக்கடி மேடையில் சொல்லி மகிழ்கிறோம்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. உமறு யாரிடம் தமிழ் கற்றார்? எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம். அந்த ஆசிரியர் ஒரு முஸ்லிம் சிறுவனைத் தம் முன் உட்காரவைத்துக் கற்பித்திராவிட்டால், சீதக்காதியின் பொன்னெல்லாம் சேர்ந்தும் ஒரு செய்யுளைத் தந்திருக்காது. அதுமட்டுமா? சீறாப்புராணம் நபிகளாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். ஒருவர் கற்பித்தார், ஒருவர் கொடுத்தார், ஒருவர் தொடர்ந்தார். இந்த மூவரில் நாம் நடுவில் உள்ளவரை மட்டுமே பின்பற்றுகிறோம்.

"எல்லாம் அச்சிலும் ஒலிப்பதிவிலும் இருக்கிறதே" என்று கேட்கலாம். உண்மைதான். முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872-லேயே சிங்கப்பூரில் அச்சேறியது. ஏட்டில் சொல் நிற்கும், மெட்டு நிற்காது. நாகூர் இ. எம். ஹனீபா 2015-ல் மறைந்தார். அவர் குரல் இன்றும் நம் கடைகளில் ஒலிக்கிறது. அது பெரும் பாக்கியம். ஆனால் ஒலிப்பதிவு நமக்கு ரசிகனைத் தரும், வாரிசைத் தராது.

வாரிசைத் தேடும் வேலையை நம் அண்டை வீட்டார் செய்துகொண்டிருக்கிறார்கள். பினாங்கில் 1999-ல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் என்னும் அமைப்பு, ஜார்ஜ்டவுன் பிள்ளைகளை உள்ளூர்க் கலைஞரிடமும் கைவினைஞரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ஊரில் ஓம்பாக் போத்தேகி என்னும் இளைஞர் குழுவினர், பெங் கியோக் ஹோங் என்ற பழைய சீனக் கைப்பொம்மலாட்டக் குழுவின் மூத்தோரிடம் கற்று, பினாங்கின் கதையையே பொம்மைகளைக் கொண்டு ஆடிக்காட்டினார்கள். கற்ற பிள்ளைகள் மேடையேறினால் அவர்களுடைய பெற்றோரும் நண்பரும் பார்க்க வருவார்கள் அல்லவா? மாணவனைத் தேடினால் சபை தானே வந்து சேரும். பாவாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நம் கெடாவிலேயே பாருங்கள். ஜித்ரா பக்கம் வாங் தெப்புஸ் கிராமத்தில் மேக் முலோங் என்னும் மலாய் ஆடல்பாடல் நாடகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அக்கிராமத்தார் கைமாற்றிக் கொடுத்ததால் வந்த சொத்து அது. அலோர் ஸ்டாரிலிருந்து சிறிது நேரப் பயணம்தான். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

தோட்டங்களின் கதை துயரமானது. பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் நம் பெரியவர்கள் சம்பள நாளன்று துணிமூட்டை சுமந்து போய்க் கடனுக்கு விற்று வந்தார்கள். லயத்துத் திடலில் விடிய விடியக் கூத்து நடக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. மக்கள் பட்டணத்தில் சிதறினார்கள். கூத்தாடியவருக்குத் திடலும் போயிற்று, சபையும் போயிற்று. ஆனால் உருமி மேளம் மட்டும் இளைஞர் கையில் இன்னும் முழங்குகிறது. அதற்கு எந்தச் செல்வர் பொன்னாடை போர்த்தினார்? அண்ணன் தட்டத் தம்பி பக்கத்தில் நின்று கற்றான். திருவிழாவில் ஊர் கேட்டது. அவ்வளவுதான் இரகசியம்.

பழையதெல்லாம் வாழ்ந்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. காலம் சிலவற்றைக் கழிக்கத்தான் செய்யும். ஆனால் கேட்டபின் வேண்டாமென்று விடுவது ஒரு தீர்ப்பு. கேளாமலே விடுவது வெறும் அலட்சியம். தீர்ப்புச் சொல்லும் உரிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. அதை நாமே அவர்களிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

ஆகவே நான் வேண்டுவது பெரிய காரியமல்ல. நம் சங்கக் கட்டடங்களில் மாதம் ஒரு மாலையை ஒதுக்குவோம். உள்ளூர்ப் பாடகர் ஒருவரை அழைப்போம். தொகையை முன்கூட்டியே பேசி முடிப்போம். விருந்து அவர் பாடி முடித்த பிறகே பரிமாறப்படட்டும். ஆறு பிள்ளைகளை ஆறு மாதம் அவர் முன் உட்கார வைப்போம். கற்பிப்பதற்குத் தனியே ஊதியம் கொடுப்போம். ஆண்டு விழாவில் அவரும் பிள்ளைகளும் ஒன்றாகப் பாடட்டும். தோட்டத்துக் கூத்தறிந்த பெரியவர் வந்தாலும், வாங் தெப்புஸ் கலைஞர் வந்தாலும், அந்த மாலையில் அவர்களுக்கும் இடம் இருக்கட்டும். படிக்காசுப் புலவருக்கு வழங்கிய சீதக்காதியின் வழி அதுவே. ஒரு கலியாண விருந்தில் மிஞ்சி வீணாகும் சோற்றின் விலைகூட இதற்கு ஆகாது.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று பெருமை பேசுகிறோம். உயிரோடு இருக்கும் நாம், பொருளோடு சேர்த்து நம் செவியையும் கொடுக்கலாகாதா? பாவாவுக்கு நான் பட்ட கடன் தீராது. உங்கள் ஊரில் ஒரு பாவா இன்னும் இருக்கிறார் என்றால், உங்கள் கடனைத் தீர்க்க வல்ல இறைவன் இன்னும் அவகாசம் தந்திருக்கிறான் என்றே பொருள். விரைந்து செல்வோமாக, போகும்போது ஒரு பிள்ளையையும் கையோடு அழைத்துச் செல்வோமாக!