நன்றி யாருக்குப் போய்ச் சேருது?

முருகா சரணம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் இது. உங்கள்ல பல பேர் உங்க டீச்சருக்கு நன்றி மெசேஜ் அனுப்பியிருப்பீங்க. அந்த மெசேஜ் வந்து சேர்ற இடத்துல உட்கார்ந்திருக்கிறவன் நான். அதனால ஒரு கேள்வியை உங்ககூட பகிர்ந்துக்கணும்னு தோணுச்சு. ஒரு ஆசிரியருக்கு வர்ற நன்றி, உண்மையிலேயே அவருக்குச் சேர வேண்டியதுதானா?

நான் கணக்கு வாத்தியார். வீடு செங்கல்பட்டுல. தினமும் திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ல மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்குப் போறேன். வகுப்புல பாதி மீனவர் வீட்டுப் பசங்க. இன்னும் சில பேரோட அப்பா சிற்பப் பட்டறையில உளி பிடிக்கிறவர். இந்த வருஷம் மூணு பேர் கணக்குல 35-ஐத் தொடல. ஒருத்தன் ஜனவரியிலேயே பள்ளிக்கு வர்றதை நிறுத்திட்டான். ரிசல்ட் அன்னிக்கு போன் நிறைய "தேங்க்யூ சார்". எல்லாமே தொண்ணூறுக்கு மேல வாங்கின பசங்க. நல்ல பிள்ளைங்கதான், சந்தோஷம்தான். ஆனா நான் இல்லேன்னாலும் அவங்க தொண்ணூறு வாங்கியிருப்பாங்க. சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் யாரோட உட்கார்ந்து வடிவியல் வரைஞ்சேனோ, அந்த மூணு பேர்கிட்ட இருந்து ஒரு வார்த்தை இல்லை. நன்றி ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம். மாறுதல் கவுன்சிலிங்ல வீட்டுப் பக்கமா ஒரு பள்ளி கேட்டு வாங்கிடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கிற எனக்கு இது சும்மா தத்துவக் கேள்வி இல்லை.

ஆசிரியர் அறையில இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. நம்ம கடமை பாடம் நடத்துறது, பலனை எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு இது முழுசா ஒத்துவரல. பசங்க என்ன நினைக்கிறாங்கன்னு கவலையே படாத வாத்தியார், அவங்களுக்குப் புரிஞ்சுதாங்கிற கவலையையும் சீக்கிரமே விட்டுடுவார். பற்றில்லாம இருக்கிறது வேற, அக்கறை இல்லாம இருக்கிறது வேற. தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

2018 ஜூன் மாசம் நடந்தது ஞாபகம் இருக்கா? திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில பகவான்னு ஒரு இளம் ஆங்கில ஆசிரியர். அவருக்கு இடமாறுதல் வந்தப்போ பிள்ளைங்க அவரைக் கட்டிப்பிடிச்சு அழுத படம் நாடு முழுக்கப் பரவுச்சு. மாறுதலை அதிகாரிங்க சில நாள் தள்ளியே வச்சாங்க. நிறைய பேர் அதை "வைரல்" கதையாப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு அதுல ஒரு விஷயம் முக்கியமாப் பட்டது. அது ஜூன் மாசம். வகுப்பு ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான். அந்த வருஷத்துப் பரீட்சையோ மார்க்கோ இன்னும் கண்ணுல படவே இல்லை. மார்க்குக்காகச் சொல்ற நன்றியா இருந்தா மே மாசத்துல வந்திருக்கணும். அந்தப் பிள்ளைங்க அழுதது தங்களை ஒரு ஆளா மதிச்ச மனுஷன் போறாரேன்னு.

நம்ம சுவாமிநாதன் கதைக்கு வர்றேன். தகப்பன்சாமின்னு பெருமையாச் சொல்றோம், சுவாமிமலையில அறுபது படி ஏறிக் கும்பிடுறோம். ஆனா அந்தக் கதையில ஒரு ஃபெயில் மாணவர் இருக்கார், அவரைப் பத்தி யாரும் பேசுறதில்லை. பிரம்மா. பிரணவத்துக்குப் பொருள் கேட்டா தெரியல. தலையில குட்டு, அப்புறம் சிறை. அதுக்கப்புறம்? அப்பா வந்து சொன்னதும் விடுதலை. படைப்புத் தொழிலை வேற யாருக்கும் எழுதிக் கொடுத்துடல. தோத்தவர் கையிலேயே அந்தத் தொழில் திரும்பிப் போச்சு. 35 வாங்காத பிள்ளையை "இவன் அவ்வளவுதான்"னு சொல்ற எங்க ஆளுங்க, முருகன் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்காங்க! இன்னொண்ணும் இருக்கு. சிவபெருமான் பாடம் கேட்டு முடிச்சு நன்றி சொல்லல. கேட்கிறதுக்கு முன்னாடியே சீடனா அடங்கி உட்கார்ந்துட்டார். அந்த உட்கார்தலே மரியாதை.

எங்க பக்கத்து உதாரணம் திருப்போரூர். பதினேழாம் நூற்றாண்டுல சிதம்பர சுவாமிகள் பனங்காட்டுல முருகனைக் கண்டெடுத்துக் கட்டின கோயில். அதுக்கு முன்னாடி ஆறு தடவை அழிஞ்சு, இது ஏழாவதுன்னு தல வரலாறு சொல்லுது. சுவாமிகள் சன்னதி முறை பாடினவர்னு உங்களுக்குத் தெரியும். அவர் தன் குரு சாந்தலிங்க சுவாமிகளோட கொலைமறுத்தல், வைராக்கிய சதகம் மாதிரி நூல்களுக்கு உரையும் எழுதினார். குருவைப் புகழ்ந்துட்டு மட்டும் நிக்கல. குரு சொன்னது அடுத்தவனுக்கும் புரியணும்னு உட்கார்ந்து எழுதியிருக்கார். இப்படிப்பட்ட நன்றி குருவோட வாசலுக்குத் திரும்பி வராது. எப்பவும் பார்க்காத யாரோ ஒருத்தர்கிட்ட போயிடும். அதனாலதான் எங்க கண்ணுக்கு அது பெரும்பாலும் படுறதில்லைன்னு நினைக்கிறேன்.

ஜனவரியில நின்ன பையன் ஒரு பட்டறையில இருக்கான்னு கேள்விப்பட்டு ஏப்ரல்ல போய்ப் பார்த்தேன். கல்லுல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டிருந்தான். நவதாளம்னா முகத்தோட நீளத்தை ஒரு அளவா வச்சு, மொத்த உருவத்தை ஒன்பது பங்கா எடுக்கணும் இல்லையா, அதைப் பக்கத்துல இருந்த சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தான். "விகிதம்டா, சார் போர்டுல போட்டாரே, அதேதான்"னு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான். நன்றின்னெல்லாம் ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினான்.

இதை ஒரு வெற்றிக் கதையா எழுத எனக்கு மனசு வரல. பதினஞ்சு வயசுப் பையன் கல் தூசியில இருக்கக் கூடாது. அங்கேயே அவங்க அப்பாகிட்ட பேசினேன். துணைத்தேர்வு எழுத வைக்கிறேன்னு ஒத்துக்கிட்டார்.

மாறுதல் இந்த வருஷம் கேட்கப் போறதில்லை. துணைத்தேர்வு ஜூலையில. அதுக்குள்ள நாலு பேருக்கும் வடிவியல் முடிக்கணும். திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு. காம்பஸ் பாக்ஸ் ரெண்டுதான் இருக்கு, செங்கல்பட்டு பஜார்ல இன்னும் ரெண்டு வாங்கிட்டுப் போகணும்.

ஓம் சரவணபவ.