கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே



எங்கள் வீட்டுச் சமையலறையில் கடிகாரம் இருந்ததில்லை. நாகப்பட்டினத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்து முனையில் டீக்கடை. பாய்லர் சூடாவதற்கு முன்னாலேயே அங்கே பாட்டு ஆரம்பித்துவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜன், பிள்ளையாருக்கு. அடுத்து நாகூர் அனிபா. பிறகு மாதா பாட்டு. மத நல்லிணக்கம் என்றெல்லாம் கடைக்காரர் யோசித்திருப்பாரா, சந்தேகம்தான். வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல். மூன்று பக்கத்து பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து டீ குடிக்க வேண்டுமே!

அந்த வரிசைதான் அம்மாவுக்கு மணி. அனிபாவின் கணீர்க் குரல் கேட்டால் அடுப்பைப் பற்றவைப்பாள். (ஊரில் தி.மு.க. கூட்டம் இருந்தால் சாயங்காலமும் அதே குரல் கேட்கும், அதற்கு விளக்கேற்றுவாள்.) மாதா பாட்டு வந்தால் என்னை எழுப்புவாள். அது 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் பி. லீலா பாடியது. குருவாயூரப்பனுக்கு நாராயணீயம் பாடிய அதே லீலா. சாவித்திரி வாயசைத்த சினிமாப் பாட்டாயிற்றே என்றால் அம்மா காதில் ஏறாது. ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மறு கையில் கரண்டி.

அப்புறம் எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். முகத்தில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போகும் அல்லவா, அந்த இடத்தில் அம்மா கூடவே பாடுவாள். வெங்காயமும் நறுக்குவாள். நடுவில் பால்காரரிடம் போய்க் கணக்குப் பேசிவிட்டு வந்து, பாட்டு எங்கே போயிருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்வாள்.

கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த திமிரில் ஒருநாள் கேட்டுவிட்டேன். “இது என்ன பக்திம்மா? மனசு பூரா இட்லிப் பானையிலதானே இருக்கு?”

“இட்லி வெந்துச்சான்னு முருகன் வந்து பாக்க மாட்டார்டா, நான்தான் பாக்கணும். மத்ததையெல்லாம் அவர் பாத்துக்குவார்.”

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. டேப்ரிக்கார்டர் பரண்மேல். தங்கை வாங்கிக் கொடுத்த போனில்தான் இப்போது கவசம்.

“கழுத்துக்கும் மார்புக்கும் நடுவுல எவனோ வந்து கடன் வேணுமான்னு கேக்குறான்டா” என்றாள் அம்மா. மாதாமாதம் காசு கட்டினால் விளம்பரம் வராது என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலையும் கடன்காரன் வந்தான். அம்மா நிறுத்தவில்லை. அவன் வட்டி விகிதம் சொல்லச் சொல்ல, இவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனாள். விளம்பரம் முடிந்து சகோதரிகள் மார்பிலிருந்து தொடங்கியபோது அம்மா இடுப்புக்கு வந்திருந்தாள். அவர்கள் வந்து சேரட்டும் என்று பாட்டை நிறுத்திவிட்டு, இட்லிப் பானையைத் திறந்து பார்த்தாள்.