வயிற்றுப் பையும் தீட்டும்

சிறுகுடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து வைப்பதே இலியாஸ்டமி. அந்த வாய்க்கு இறுக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. கழிவு தன்போக்கில், அதன்மேல் ஒட்டிய பையில் இறங்கும். களியக்காவிளைக்காரர் ஒருவருக்குத் திருவனந்தபுரத்தில் இந்த அறுவை நடந்து அவர் ஊர் திரும்பினால், மருத்துவரிடம் கேட்க முடியாத கேள்வி ஒன்று காத்திருக்கும்: மலத்தை எந்நேரமும் சுமந்துகொண்டு கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போகலாமா? ஏட்டில் விடை எளிது. இடைவிடாத கசிவு உள்ளவர், கடமையான ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்தபின் உளூ எனும் கழுவுதலைச் செய்து தொழலாம் என்கிறது ஷாஃபி சட்டம். வயிற்றுக்குள் போய் வெளியேறுவது மனிதனைத் தீட்டாக்காது என்ற வாதம் மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. சித்தர்களில் சிலரோ எல்லார் உடம்பையும் மலப்பை என்றே ஏசினார்கள். அந்தக் கணக்கில் இவருக்குப் பை வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை அனுமதி இருந்தும் கால் வாசலில் தயங்குவது ஏன்?

சுத்தத்தைத் தனியாள் விவகாரமாக நினைப்பதால்தான் என்று சொல்வேன். பலர் பார்வையில் ஒட்டிய தீட்டு, பலர் நடுவில்தான் கழலும். களியக்காவிளை இருக்கும் இதே மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் தீட்டை வாதத்தால் மட்டும் எதிர்கொள்ளவில்லை. சாமித்தோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் எடுத்தார்கள். துவையல் தவசு என்ற கூட்டு நோன்பில் குடும்பங்கள் கூடிக் குளித்து, துவைத்து, உண்டு வாழ்ந்தன. மருத்துவமும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் 1958இல் நோயாளிகளுக்குத் துணையாக அமர்த்திய நார்மா கில் நர்ஸ் அல்ல, இலியாஸ்டமி செய்துகொண்டவர். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்ய வேண்டும், ஒட்டும் வளையத்தின் துளையை வாயைவிடச் சற்றே பெரிதாக வெட்டினால் தோல் வேகாது என்பதையெல்லாம் நர்ஸும் சொல்லித்தரலாம். ஆனால் பையோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்து காட்ட நர்ஸால் முடியாது. அதைச் செய்பவர் ஏட்டின் அனுமதியை நடப்பாக்குகிறார். அது சமயப் பணியே.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. முத்திரிக் கிணறு எல்லாருக்கும் பொது. பை வைத்தவர்கள் தங்களுக்குள் கூடுவது புதுச் சாதி ஒன்றை உண்டாக்காதா? உண்டாக்கலாம். நோயைப் பற்றியே பேசிப் பேசி அதையே அடையாளமாக்கிக்கொள்ளும் கூட்டங்கள் உலகில் இல்லாமல் இல்லை. ஆகவே துணையாக வருபவருக்கும் புதிதாகப் பை வைத்தவருக்கும் உள்ள உறவை ஒன்றால் அளக்கலாம்: பேசி முடித்தபின் புதியவர் திருவிழாவுக்குப் போகிறாரா, பந்தியில் உட்காருகிறாரா? உட்கார்ந்தால் துணை தன் வேலையைச் செய்துவிட்டது. இன்னொரு சங்கடம் ஊரின் அளவு. சின்ன ஊரில் ரகசியம் நிற்காது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது சிறிய பயமுமல்ல. வெளியூர்த் துணைக்கு மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. உள்ளூரில் அர்ச்சகரோ போதகரோ இமாமோ பை வைத்த இரண்டு பேரை அறிந்திருந்தால், மேடையில் பேச வேண்டாம். தனித்தனியே சம்மதம் கேட்டு, ஒருவரின் போன் நம்பரை மற்றவரிடம் கொடுத்தால் போதும்.