பொருந்தாத முனைகள்

நம் இல்லங்களில் மேசை இழுப்பறையைத் திறந்தால் பழைய சார்ஜர்கள் சில சுருண்டு கிடக்கக் காண்கிறோம். அவற்றுள் பல பழுதுபட்டவை அல்ல. மின்சாரம் தந்தால் இன்றும் இயங்குபவை. அவற்றிற்குரிய கைப்பேசியோ கேமராவோ மறைந்துபோயிற்று. வேறெந்தக் கருவியிலும் அவற்றின் முனை நுழையாது. குறையேதும் இல்லாத பொருள் குப்பையாகிவிடுவது எங்ஙனம்? பிறவற்றோடு பொருந்தாதவாறு ஒரு பொருளை வேண்டுமென்றே ஆக்குவது அறத்திற்கு அடுக்குமா? இவ்வினாவைப் பொறியாளரிடமே விட்டுவிடலாகாது என்று கருதுகிறோம்.

பொருந்துதல் இயலாத ஒன்றன்று. பென்சில் செல் என்று நாம் வழங்கும் ஏஏ அளவு மின்கலம் 1907 முதல் புழக்கத்தில் உள்ளது. 1947-இல் அமெரிக்காவில் அதற்குத் தர அளவு வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீளமும் 14 மில்லிமீட்டர் விட்டமும் உடைய அந்தச் செல்லை எந்தச் சிற்றூர்ப் பெட்டிக்கடையில் வாங்கினாலும் சரி, எந்த நாட்டு வானொலியிலும் அது அமரும். பிலிம் சுருள் காலத்துக் கேமராக்கள் பலவும் அதனாலேயே இயங்கின. செய்தவர் பலர், விற்றவர் பலர். அளவு மட்டும் ஊருணிபோல் எல்லார்க்கும் பொது. லித்தியம் மின்கலம் வந்தபோதுதான் ஒவ்வொரு நிறுவனமும் தன் வீட்டுக் கிணற்றுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டது.

அச்சுவரை இடிக்க ஐரோப்பிய ஒன்றியம் முதலில் நயமாகவே முயன்றது. கைப்பேசி நிறுவனங்கள் 14, ஆணையத்தின் வேண்டுகோளை ஏற்று, 2009-இல் மைக்ரோ யூஎஸ்பி முனைக்குத் தாமாக முன்வந்து இசைவு தெரிவித்தன. முப்பது வகையாய் இருந்த முனைகள் காலப்போக்கில் மூன்றாகச் சுருங்கின. ஆயினும் இணைப்புத் துண்டு ஒன்றை வழங்கினாலே போதும் என்றொரு விலக்கு அவ்வுடன்பாட்டில் இருந்தமையால், மனமில்லாதவர் தம் வழியே சென்றனர். இறுதியில் 2022 அக்டோபர் 4-ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் 602 வாக்குகளால் யூஎஸ்பி டைப்-சி முனையைக் கட்டாயமாக்கியது. எதிர்த்தோர் 13 பேரே. 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, கையடக்கக் கணினி, கேமரா, ஒலிச்செவி முதலியவற்றிற்கு அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 என நாள் குறிக்கப்பட்டது. வீசப்படும் சார்ஜர்களும் பயன்படாது கிடப்பவையும் அங்கு ஆண்டுதோறும் 11,000 டன் குப்பையாகின்றன என்பது ஆணையத்தின் மதிப்பீடு. நெடுங்காலம் எதிர்த்துநின்ற ஆப்பிள் நிறுவனமும் 2023 செப்டம்பரில் ஐபோன் 15-இல் அம்முனையை ஏற்றது.

கட்டாயத்தால் விளைந்த நன்மை நன்மையாகுமா என்று கேட்போர் உண்டு. நிறுவனத்தின் புண்ணியக் கணக்கில் அது சேராது என்பது மெய்யே. ஆனால் சட்டம் நிறுவனத்தைப் புனிதராக்க இயற்றப்படுவதன்று. சட்டம் என்பது பொதுநலனை நோக்கிய அறிவின் ஒழுங்கு என்றே புனித தோமா அக்குவினாஸ் வகுத்தார். அயலானுக்கு இழைக்கப்படும் கேட்டைத் தடுப்பதே அதன் முதற்பணி. உள்ளத்தின் மனமாற்றம் பின்னர் வரட்டும், வராமலும் போகட்டும்.

ஒரே முனையைச் சட்டம் நிலைநிறுத்தினால் புதுமை தேங்கிப்போகும் என்ற வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளுவதற்கில்லை. 2009-இல் மைக்ரோ யூஎஸ்பியைச் சட்டத்தால் பூட்டியிருந்தால், 2014-இல் வந்த, அதனினும் சிறந்த டைப்-சி ஐரோப்பாவில் தடையின்றிப் பரவியிருக்குமா? ஐயமே. தொழில்நுட்பம் வளருந்தோறும் விதியைத் திருத்தும் பொறுப்பை ஆணையத்திடம் இச்சட்டம் அளித்திருப்பது அதனாற்போலும். அப்பொறுப்பு காலத்தோடு ஆற்றப்படுமா என்பதைப் பொறுத்தே இவ்வாதத்திற்கு விடை அமையும்.

முனையைவிட மின்கலத்தின் வழக்கு கடினமானது. ஏனெனில் இங்கே நேர்மையான காரணமும் தன்னலமும் ஒரே ஆடையை உடுத்திக்கொண்டு வருகின்றன. கைப்பேசியின் மெல்லிய உடலுக்கு 3.7 வோல்ட் அளவிலான ஒற்றைக் கலம் போதும்; பெரிய கேமராக்களுக்கு 7.2 வோல்ட் வேண்டும். ஒன்றை மற்றொன்றில் திணிக்க இயலாது. தரமற்ற லித்தியம் கலம் தீப்பற்றும் என்பதும் வெற்றுரையன்று; நல்ல நிறுவனம் செய்த கலமே எரிந்தமையால் 2016-இல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியையே கைவிட நேர்ந்தது. ஆனால் ஒரே நிறுவனம், ஏறக்குறைய அதே வோல்ட் உடைய மின்கலத்தைக் கேமராவுக்குக் கேமரா சற்றே வடிவம் மாற்றித் தரும்போது அதற்கும் பாதுகாப்பையே காரணங்காட்ட முடியுமா? கேனான் நிறுவனம் சிறு கேமராக்களுக்கு எல்பி-இ8, எல்பி-இ10, எல்பி-இ17 என வெவ்வேறு கலங்களைச் செய்தது. அதே நிறுவனம்தான், 2008-இல் வெளிவந்த ஒரு கேமராவின் எல்பி-இ6 கலம் 2020-இல் வெளிவந்த ஈஓஎஸ் ஆர்5-இலும் பொருந்துமாறு வடிவைக் காத்துவந்தது. விலையுயர்ந்ததை வாங்குவோருக்கு இயன்றது எளிய கருவியை வாங்குவோருக்கு ஏன் இயலவில்லை? துணைப்பொருள் விற்பனையில் ஆதாயம் இல்லையெனின் இம்மாற்றத்தைச் செய்திருப்போமா என்பதே வடிவமைப்பாளர் தம் மனச்சான்றை வினவவேண்டிய கேள்வி.

இங்கு இழப்பு யாருடையது என்பதையும் நோக்குவோம். திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம் எனப் படமெடுத்துப் பிழைக்கும் சிற்றூர்ப் புகைப்படக்காரருக்கு, கண்ணாடிவில்லை பழுதின்றி இருக்க, கலத்தின் உற்பத்தி நின்றுபோவது கேமராவின் சாவேயாகும். அதற்கு அப்பால் இன்னொருவர் இருக்கிறார். இக்கலங்கள் பலவற்றில் உள்ள கோபால்ட் தனிமத்தில் உலக விளைவின் பாதிக்கும் மேல் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதியைக் கைக்கருவிகளால் தோண்டுவோருள் சிறுவரும் உளர். மண்ணுலகின் பொருள்கள் அனைத்தும் மாந்தர் அனைவர்க்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. வீசியெறியும் பண்பாட்டை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கண்டித்தார். அச்சிறுவன் தோண்டியது நம் இழுப்பறையில் பயனின்றிக் கிடப்பதையும் அவ்விரண்டின் ஒளியிலேயே நாம் காண்கிறோம்.

2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளின் மின்கலத்தைப் பயனாளரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்கவேண்டும் என்று, சில விலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதித்தது. இது நல்லதே. ஆனால் கழற்ற முடிவது வேறு. கழற்றிய இடத்தில் மற்றொருவர் செய்த கலம் பொருந்துவது வேறு. கலங்களுக்குப் பொது வடிவம் எதையும் அவ்விதி கட்டாயமாக்கவில்லை.