தன் குஞ்சு பொன் குஞ்சு

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பர் நம் முன்னோர். தேய்ந்த விளக்குமாறும் உடையவனுக்கு ஆயிரம் பொன் பெறும் என்ற கருத்தில் சீனரிடமும் ஒரு பழமொழி உண்டு. இரண்டிலும் அன்பும் உண்டு, சற்றுக் கேலியும் உண்டு. பற்றறுக்கச் சொல்லும் சைவநெறியில் நிற்கும் நாம், நமது எளிய உடைமையைப் போற்றுவது முறையாகுமா?

நமது தீவகத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கு ஆறில்லை, நன்னீர்க் கிணறும் அரிது. நமக்கு வாய்த்த செல்வம் பனை. கூரைக்கும் வேலிக்கும் ஓலை, வீட்டுக்கு மரம், பசிக்கு ஒடியலும் பனாட்டும், பெண்களின் கைவண்ணத்தில் கடகமும் சுளகும் பாயும் அது தந்தவை. நெடுந்தீவு மக்கள் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கியே வேலி அமைத்தனர். உள்ளதைக் கொண்டு மானத்தோடு வாழ்ந்த வாழ்வு அது.

1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதி மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பிற தேசங்களில் வசதியான வீடு பெற்றவர்களும் தம் வளவையும் கிணற்றையும் மறந்தாரில்லை. கந்தோரில் பொருட்பதிவேடு எழுதியவன் நான். அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் விலையுண்டு. பழுதடைந்தால் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஆச்சி இழைத்த பெட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் அவருடைய உழைப்பும் நம்மேல் வைத்த அன்பும் சேர்ந்திருக்கின்றன.

ஆயினும் "என்னுடையது, ஆகவே உயர்ந்தது" என்று எண்ணுவது மமதை. எங்கள் ஊரே ஊர், எங்கள் கோயிலே கோயில் என்று அயலாரை இகழச் செய்வது அதுவே. "என்னிடம் ஒப்படைக்கப்பட்டது, ஆகவே பேணுவேன்" என்று எண்ணுவது கடமை. அத்தகையவன் அயலவனுடைய பெட்டியும் அவனுக்குப் பொன் என்பதை உணர்வான். மேடையில் பனையைக் கற்பகதரு என்று புகழ்ந்துவிட்டுக் காணியில் நிற்பதைத் தறித்து விற்பவனிடம் இந்தக் கடமையுணர்வு இல்லை.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பனங்கொட்டை புதைத்தவர் தமக்காகப் புதைக்கவில்லை. அவர்கள் வைத்த மரத்தின் பயனை நாம் உண்டோம். நாமும் நமது வளவில் பத்துக் கொட்டையாவது புதைப்போம். பின்வருவோருக்கென்று பேணும்போது பற்றும் அறமாகிறது.

அன்பர்களே, சொந்த முற்றத்துச் செவ்வரத்தம் பூவையும் இறைவன் ஏற்றருள்கிறான். உள்ளதைப் பேணி, பிறருடையதை மதித்து வாழத் திருவருள் துணைநிற்பதாக.