அடிப்பக்கத்துக் கறை

“புதுசா வாங்குனத எதுக்குடா பழசாக்குற?” என்றார் அப்பா. தறியை விட்டு எழுந்து வந்தவர், என் மேஜையில் மல்லாந்து கிடந்த நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாக்ஸ்ட்ராட் வகை. அசல் 91 மீட்டர். 350-இல் ஒரு பங்காகச் சுருங்கிய என் மாடல் 26 சென்டிமீட்டர். அதன் அடிவயிற்றுக்குச் சிவப்பு அடித்து, மேலே துருவை வழியவிட்டுக்கொண்டிருந்தேன்.

“கடல்ல ஓடுன கப்பல்ப்பா. பளபளன்னு இருந்தா பொய்யா இருக்கும்.”

“அப்ப இது மட்டும் நிஜமா?”

கேட்கிற தகுதி அவருக்கு உண்டு. காஞ்சிபுரத்தில் இப்போது ‘ஆன்டிக்’ ஜரிகைக்கு நல்ல கிராக்கி. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல மங்கலாக மின்ன வேண்டும். அப்பாவும் நெய்து தருகிறார். “பழசு மாதிரின்னு சொல்லி வித்தா டிசைன். பழசுன்னு சொல்லி வித்தா பொய்” என்பது அவர் கணக்கு. ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று சோதிக்கிற ஊர் இது.

நான் இதை யாருக்கும் விற்கப்போவதில்லை. அந்தக் கணக்குப்படி என்மேல் குற்றமில்லை. ஆனாலும் கேள்வி போகவில்லை. ஏமாற ஆளே இல்லாத இடத்தில் பொய் இருக்க முடியுமா?

இருக்க முடியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு கறையும் ஒரு சாட்சி. இந்தப் பொருளுக்கு இது நடந்தது என்று அது சொல்கிறது. நான் பூசிய துரு சொன்னது என்ன? துரு வேகமாகப் பிடிப்பது காற்றும் நீரும் மாறி மாறிப் படுகிற நீர்மட்டக் கோட்டருகே. எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பக்கத்தில் எதுவும் சொட்டி வழியாது. அங்கே வருவது பாசி, வழவழப்பு, கொட்டலசு. என் மாடலில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, அசலில் 35 சென்டிமீட்டர். நான் வைத்த துருப்புள்ளிகள் எல்லாம் சோற்றுத்தட்டைவிடப் பெரியவை. பார்க்க வீரமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் செய்துகொண்டிருந்தது ஐ.என்.எஸ். வாக்லி. 1974-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 2010-இல் ஓய்வுபெற்ற கப்பல். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மாமல்லபுரத்தில் அதை அருங்காட்சியகமாக வைப்பதாக இருந்தது. விசாகப்பட்டினம் கடற்கரையில் அதே வகையைச் சேர்ந்த குர்சுராவை 2002-இலிருந்து மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். வாக்லியோ சென்னைத் துறைமுகம்வரை வந்தது. அங்கேயே கட்டிக்கிடந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

ஓடுகிற கப்பலைவிட நிற்கிற கப்பலின் அடியில்தான் பாசியும் கொட்டலசும் அதிகம் பிடிக்கும். அப்படியென்றால் வாக்லியின் கடைசிக் கறை போரில் வந்ததல்ல, ஆழத்தில் வந்ததுமல்ல. காத்திருந்ததில் வந்தது. அதன்மேல் நான் சாகசத்தைப் பூசிக்கொண்டிருந்தேன். நாம் பழசை நேசிப்பதாகச் சொல்லும்போதுகூட, அது பட்டதை விட்டுவிட்டு, பட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதைத்தான் நேசிக்கிறோமோ?

டர்பன்டைனில் துணியை நனைத்துத் துருவைத் துடைத்தேன். நீர்மட்டக் கோட்டை ஒட்டி மெல்லிய பச்சை, அதற்குக் கீழே சாம்பல் கலந்த மங்கல். வேறெதுவும் இல்லை.

அப்பா மறுபடி வந்து பார்த்தார். “என்னடா, ஒண்ணுமே தெரியலையே?”

“சும்மாவே கட்டிப்போட்டு வச்சிருந்தாங்கப்பா.”

கொஞ்சநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அடிப்பக்கம் மேலே தெரியும்படியே திருப்பி வைத்துவிட்டுத் தறிக்குப் போனார்.